15 ரூபாய் நாயும் ஜிம் கார்பெட்டும்

கல்வராயன் மலையில் சீக்கிரமே இருட்டிவிடும். மரவள்ளிக் கொல்லையிலும் சாமைக் கொல்லையிலும் காவலுக்கு ஆள் படுத்திருப்பான். அவன் காலடியில் ஒரு நாய் சுருண்டு கிடக்கும். நள்ளிரவில் திடீரென்று அது தலையைத் தூக்கும். மூக்கைக் காற்றில் நீட்டும். பிறகுதான் உறுமும்.

காவல்காரன் காதில் ஒன்றும் விழுந்திராது. கண்ணிலும் ஒன்றும் பட்டிராது. ஆனாலும் எழுந்து தீப்பந்தத்தைத் தேடுவான். காட்டுப் பன்றி இறங்கிவிட்டது என்று நாய் சொல்லிவிட்டதே!

வெள்ளிமலைக்காரர்களுக்கும் கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கும் இதில் புதுமை இல்லை. ஆனால் நாயின் மூக்கை மட்டும் நம்பி, குண்டடி பட்ட சிறுத்தையின் பின்னால் நடந்து போன ஒருவர் இருந்தார். அந்த நாயைப் பழக்கியவரும் அவரேதான். நாய் உயர்ந்த விலைக்கு வாங்கிய நாயும் அல்ல. அழுக்குக் கூடையில் கிடந்த சவலைக் குட்டி!

அவர்தான் ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிப் புகழ்பெற்ற ஜிம் கார்பெட்.

கரடியிடமிருந்து காத்த நாய்

இமயமலை அடிவாரத்தில் குமாவுன் என்று ஒரு பிரதேசம். அங்கே நைனிடால் என்ற மலை ஊரில் 1875-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி கார்பெட் பிறந்தார். தகப்பனார் அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். வீடு நிறையக் குழந்தைகள்.

ஜிம்முக்கு ஆறு வயது நிரம்பும் முன்பே, 1881-ல், தகப்பனார் இறந்துவிட்டார். தாயார் மேரி ஜேன்தான் அத்தனை பிள்ளைகளையும் ஆளாக்கினார். கோடையில் நைனிடால், குளிர் காலத்தில் மலை அடிவாரத்துக் காலாதுங்கி. காலாதுங்கி வீட்டைச் சுற்றிலும் காடு.

அந்த நாளில் வீட்டில் ராபின் என்று ஒரு கிழட்டு நாய் இருந்தது. ஆடு மேய்க்கும் கோலி ஜாதி. ஜிம்முக்கு ஆறு வயது, தம்பிக்கு நாலு வயது. இருவரும் காட்டுப் பக்கம் போயிருந்தபோது ஒரு பெண் கரடி வெறியோடு பாய்ந்துவிட்டது. குறுக்கே விழுந்து பிள்ளைகளைக் காப்பாற்றியது ராபின்.

அந்தப் பெயரை ஜிம் மறக்கவே இல்லை.

காடே அவருக்குப் பள்ளிக்கூடம். அண்ணன் டாம் சில பாடங்கள் சொல்லிக் கொடுத்தார். குன்வர் சிங் என்ற கிராமத்து வேட்டைக்காரர் மீதியைச் சொல்லிக் கொடுத்தார். எந்தப் பறவை எதற்காகக் கத்துகிறது, தரையில் பதிந்த அடி எந்த மிருகத்துடையது, அது போய் எவ்வளவு நேரம் ஆகிறது என்பதெல்லாம் பையனுக்கு அத்துப்படி ஆயின.

குடும்பத்துக்குப் பணம் வேண்டுமே! இருபது வயது நிரம்பும் முன்பே ரெயில்வே வேலைக்குப் போனார். பிறகு கங்கைக் கரையில் மொகாமா காட் என்ற இடத்தில் சரக்கு மாற்றும் காண்டிராக்டு எடுத்தார். பெரிய ரெயில் பாதையில் வந்த மூட்டைகளைச் சிறிய பாதை வண்டிகளில் ஏற்ற வேண்டும். சுமார் இருபது ஆண்டுகள் அங்கே கூலியாட்களோடு கூலியாளாக அவரும் நின்று உழைத்தார்.

ஆனால் புகழ் வந்தது காட்டிலிருந்துதான். சம்பாவத் பகுதியில் ஒரு பெண் புலி 436 பேரைக் கொன்றிருந்தது. நேபாளத்தில் கொன்றவர்களும் இந்தக் கணக்கில் சேர்த்தி. ஜனங்கள் வீட்டைவிட்டு வெளியே வரவே நடுங்கினார்கள். 1907-ல் கார்பெட் அதைச் சுட்டு வீழ்த்தினார். அதன் பிறகு எந்த மலைக் கிராமத்தில் ஆட்கொல்லி தலைகாட்டினாலும், சர்க்கார் அதிகாரிகள் அவருக்குத்தான் ஆள் அனுப்பினார்கள்.

கூடையில் ஏழு குட்டிகள்

நாய்க்குட்டி வாங்கும் எண்ணமே கார்பெட்டுக்கு இல்லை. கடுங்குளிர் காலை. ஒருவன் அழுக்குக் கூடை ஒன்றைக் காட்டினான். உள்ளே ஏழு ஸ்பேனியல் குட்டிகள். ஸ்பேனியல் என்பது காது தொங்கும் நாய் ஜாதி. மோப்பத்துக்குப் பெயர் போனது.

ஏழில் ஒன்று எலும்பும் தோலுமாக இருந்தது. பிழைக்குமா என்பதே சந்தேகம். அந்தக் குட்டி கூடையை விட்டு வந்தது. கார்பெட்டை ஒரு சுற்றுச் சுற்றியது. அவருடைய பெரிய பாதங்களுக்கு நடுவே சுருண்டு படுத்துக்கொண்டது!

நாய் வாங்கத் தெரிந்தவர்கள் அந்தக் குட்டியை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். கார்பெட் அதைத் தூக்கிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். நாற்றம் தாங்க முடியவில்லை. குட்டியோ அவர் முகத்தை நக்கியது. விலை 15 ரூபாய். வயது மூன்று மாதம்கூட ஆகவில்லை.

வீட்டில் வயிறாரச் சாப்பாடு. வெந்நீர், சோப்புக் குளியல். பழைய பெயரான பிஞ்சா போயிற்று. ராபின் என்ற பெயர் வந்தது. கரடியிடமிருந்து காத்த கிழட்டு நாயின் பெயர்தான்!

முதல் பாடம்

சில வாரத்தில் குட்டி தேறிவிட்டது. வெடிச் சத்தத்துக்குப் பயப்படாமல் பழக்க வேண்டும் என்று கார்பெட் அதை வெளியே அழைத்துப் போனார். குட்டி தூரத்தில் இருக்கும்போது சுடவேண்டும் என்பது ஏற்பாடு. பழக்குவதில் இது முக்கியம். பயத்தைச் சிறுகச் சிறுகத்தான் போக்கவேண்டும். தீபாவளிக்குச் சரவெடியைக் கட்டிப்போட்ட நாயின் பக்கத்திலேயே கொளுத்துகிறவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

ஆனால் நடந்தது வேறு. முட்புதரிலிருந்து ஒரு மயில் எழும்பியது. கார்பெட் குட்டி பக்கத்தில் நிற்பதையே மறந்து சுட்டுவிட்டார். (மயிலைச் சுடுவது இன்று குற்றம், அந்தக் காலத்தில் அப்படி இல்லை.) அடிபட்ட பறவை முட்புதரில் விழுந்தது. குட்டி வெடிச் சத்தத்தைப் பொருட்படுத்தவே இல்லை. முள்ளுக்குள் பாய்ந்தது. கார்பெட் சுற்றிக்கொண்டு ஓடிப் பார்த்தால், மயில் காட்டை நோக்கி இழுத்துக்கொண்டு போகிறது. அதன் வாலைக் கவ்வியபடி ராபின் தொங்குகிறது!

இரண்டாவது பாடத்தைச் சொல்லிக் கொடுத்தது ஒரு சிறுத்தை. குடும்பம் மலையிலிருந்து காலாதுங்கிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு குரங்கு பாதையின் குறுக்கே ஓடியது. விசில் அடித்தும் கேட்காமல் ராபின் துரத்தியது. சரிவில் இருந்த புதருக்குள் நுழைந்ததோ இல்லையோ, காதை மடித்து வாலை இடுக்கிக்கொண்டு திரும்ப ஓடி வந்தது. பின்னால் ஒரு பெரிய சிறுத்தை!

கார்பெட் கையில் துப்பாக்கி இல்லை. அவரும் கூட வந்த ஆட்களும் தொண்டை கிழியக் கத்தினார்கள். மரத்து மேல் இருந்த குரங்குகள் எல்லாம் சேர்ந்து கத்தின. எட்டிப் பிடிக்கும் தூரத்தில் சிறுத்தை என்ன நினைத்ததோ, விலகிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது.

அன்று முதல் ராபின் குரங்கைத் துரத்தியதே இல்லை. குரங்கு ஒரு மாதிரிக் கத்தினால் அங்கே சிறுத்தை இருக்கிறது என்பதும் அதற்குப் பாடமாகிவிட்டது.

மூக்கின் வேலை

குட்டியில் பட்டினி கிடந்ததால் ராபினுக்கு இருதயம் பலவீனம். சிறிது ஓடினாலும் மயங்கி விழுந்தது. பறவை வேட்டைக்கு ஓடியாடும் நாய்தான் வேண்டும். இன்னொருவராக இருந்தால் அதை வீட்டில் கட்டிப்போட்டு, வேறு நாய் வாங்கியிருப்பார்.

கார்பெட் நாயை மாற்றவில்லை. வேலையை மாற்றினார்.

பெரிய மிருகத்தைத் தேடும்போது ஓட வேண்டாம். மெள்ள நடந்தால் போதும். அதற்கு ராபினால் முடியும். எனவே விடியற்காலையில் இருவரும் கிளம்புவார்கள். தரையில் புலியின் அடி தெரியும் வரை கார்பெட் முன்னால் போவார். புல்லும் புதருமாக வந்து அடி மறைந்தால், ராபின் முன்னால் போகும். இப்படி மைல் கணக்கில் ஒரே மிருகத்தைத் தொடர்ந்து போனதும் உண்டு.

நாய்க்கு அப்படி என்ன மூக்கு? மனிதன் மூக்கில் வாசனை அறியும் உயிரணுக்கள் சுமார் 50 லட்சம். நாய் மூக்கிலோ 20 கோடிக்கும் மேல் உண்டு. எந்தப் பிராணி நடந்தாலும் அதன் உடலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத தோல் துணுக்குகள் உதிர்ந்துகொண்டே இருக்கும். மிதிபட்ட புல்லும் கிளறப்பட்ட மண்ணும் தனி வாசனை வீசும். ஈரத்தில் வாசனை தங்கும். உச்சி வெயிலில் சீக்கிரம் போய்விடும். அதனால்தான் பனி உலரும் முன்னே கிளம்புவது மோப்பத்துக்கு நல்லது. சில நாய்கள் தரையோடு மூக்கை வைத்துப் போகும். சில, தலையைத் தூக்கிக் காற்றில் வருவதைப் பிடிக்கும். ராபின் இரண்டும் செய்தது.

ஒரே ஒரு முறை

ஒரு நாள் மாலை. 15 கஜ தூரத்தில் ஒரு பெரிய ஆண் சிறுத்தை வந்து நின்றது. கார்பெட் சுட்டார். குண்டு இருதயத்தைச் சிறிது தவறிவிட்டது. சிறுத்தை குட்டிக்கரணம் போட்டுப் புதரில் விழுந்து மறைந்தது. அன்று ராபின் கூட இல்லை. துப்பாக்கி இல்லாத தமக்கை மாகிதான் உடன் இருந்தார். பொழுதும் போய்விட்டது. இருவரும் வீடு திரும்பினார்கள்.

அடிபட்ட சிறுத்தையை அப்படியே விட்டுவிடலாகாது. வேதனையில் கிடக்கும் மிருகம். யாராவது அந்தப் பக்கம் வந்தால் ஆபத்து. மறுநாள் இருட்டிலேயே நாலு மைல் நடந்து, விடியும்போது கார்பெட்டும் ராபினும் அந்த இடத்துக்கு வந்தார்கள்.

ராபின் சிறுத்தை நின்ற தரையை மோந்தது. தலையைத் தூக்கிக் காற்றைப் பிடித்தது. நேரே இரத்தம் கிடந்த இடத்துக்குப் போய் நின்றது. கார்பெட் அவசரப்படவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து காடு என்ன சொல்கிறது என்று கேட்டார். சிறிது நேரத்தில் புள்ளிமான்கள் கத்தின. ராபின் மெதுவாகத் திரும்பி எஜமானர் முகத்தைப் பார்த்தது. சிறுத்தை சாகவில்லை என்பது இருவருக்கும் தெரிந்துவிட்டது.

தேடிப் போனார்கள். ராபின் காட்டிய புதரிலிருந்து, காது செவிடுபட உறுமிக்கொண்டு சிறுத்தை கிளம்பியது. அந்த நொடியில் ராபின் ஓடிவிட்டது!

அவர்கள் சேர்ந்து வேட்டையாடிய ஆண்டுகள் அத்தனையிலும் ராபின் அவரை இக்கட்டில் விட்டுப் போனது அந்த ஒரு முறைதான். பிறகு திரும்பி வந்தது. கார்பெட் பிரம்பை எடுக்கவில்லை. அதட்டவும் இல்லை. அந்த விஷயத்தை இருவரும் அதோடு விட்டுவிட்டார்கள்.

பல பேருக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். திரும்பி வந்த நாயை அடித்தால், ஓடியதற்காக அடித்தார் என்று அதற்குத் தெரியாது. வந்ததற்கு அடி என்றுதான் எண்ணும். அடுத்த முறை கூப்பிட்டால் வராது. இன்று பட்டணங்களில் நாய் வளர்ப்பவர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. அங்கே நல்ல ஆசிரியர்கள் முதலில் சொல்லித்தருவதும் இதைத்தான்.

கொட்டாங்கச்சிப் பாடம்

அந்த வகுப்புகளில் மோப்ப விளையாட்டும் உண்டு. போலீஸ் நாய்க்கு மட்டும்தான் மோப்பம் என்று நினைக்க வேண்டாம். சென்னைப் போலீசில் 1951-லேயே நாய்ப் படை ஏற்பட்டது. அது தனிப் படிப்பு. வீட்டு நாய்க்கு வாசலில் மூன்று கொட்டாங்கச்சி போதும். ஒன்றின் கீழே கருவாட்டுத் துண்டு ஒன்றை வையுங்கள். நாய் மூக்கால் தேடட்டும். சரியான கொட்டாங்கச்சியில் நின்றதும் அந்தத் துண்டையே பரிசாகக் கொடுங்கள். தவறினால் ஒன்றும் சொல்லாதீர்கள். தேறியபின் துணியில் வாசனை ஏற்றித் திண்ணையிலும் தொழுவத்திலும் ஒளித்து வைக்கலாம். ஐந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். ராஜபாளையமா, கோம்பையா, தெரு நாயா என்ற பேதம் இதில் இல்லை.

ஒன்று மட்டும் வேண்டாம். நாயைக் கூட்டிக்கொண்டு காட்டுக்கு வேட்டைக்குப் போவது 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கல்வராயன் மலைக்கும் அதே சட்டம்தான்.

கார்பெட்டுக்கே பிற்காலத்தில் சுடுவதில் விருப்பம் குறைந்துவிட்டது. துப்பாக்கியை வைத்துவிட்டுக் காமிராவை எடுத்தார். ஆட்கொல்லிக்கு மட்டும் விதிவிலக்கு. கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரிகர்களை எட்டு ஆண்டு கதிகலங்க வைத்த ருத்ரபிரயாக் சிறுத்தையை 1926-ல் வீழ்த்தினார். அது தின்றவர்கள் கணக்கில் வந்தது 125 பேர். 1938-ல் தாக் கிராமத்து ஆட்கொல்லியைச் சுட்டபோது அவருக்கு வயது 63! இதற்கிடையே காட்டைக் காக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். 1936-ல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அந்தப் பகுதியில் ஏற்பட்டது.

1944-ல் குமாவுன் ஆட்கொல்லிகளைப் பற்றிய அவருடைய புத்தகம் வெளிவந்தது. புலிகளுக்கு நடுவே ராபினுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருந்தார். அதை எழுதியபோது ராபினுக்குப் பதின்மூன்று வயது நெருங்கிக்கொண்டிருந்தது. இனி எழுந்திருக்க முடியாத படுக்கையில், எஜமானர் காலடியில் கிடந்தது. தான் ஓடிப்போன கதையைச் சொல்ல அது வாலை ஆட்டி அனுமதி கொடுத்துவிட்டதாக அவர் வேடிக்கையாக எழுதி வைத்தார்.

1947-ல் கார்பெட்டும் தமக்கை மாகியும் ஆப்பிரிக்காவில் உள்ள கென்யாவுக்குப் போய்விட்டார்கள். அங்கே நியேரி என்ற ஊரில் 1955-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி அவர் காலமானார். இரண்டு ஆண்டு கழித்து இந்திய சர்க்கார் அந்தத் தேசியப் பூங்காவுக்கு அவர் பெயரைச் சூட்டியது.

காலாதுங்கி வீடு இப்போது அருங்காட்சியகம். அந்தத் தோட்டத்தில் அவர் வளர்த்த நாய்களின் சமாதியையும் காட்டுகிறார்கள்.