கொல்லுலையில் ஒரு பந்தய வீரர்

வென்றாரைப் போற்றுதல் உலகியற்கை. தோற்றாரை நினைவார் அரியர். ஆயினும், பிரான்சு நாட்டைச் சுற்றி நடைபெறும் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயத்தின் வரலாற்றில், அதனை ஒருமுறையேனும் வென்றறியாத ஒருவர், வென்றார் பலரினும் மிகுதியாக நினைக்கப்படுகின்றார். அவரே யூஜென் கிறிஸ்தோப் என்பார். மயிலையிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் நாள்தோறும் சைக்கிளேறிக் கல்லூரிக்கு வரும் நம்மனோர்க்கு அவர் வரலாறு பயன்படுமெனக் கருதி, அதனைச் சுருங்க எழுதப் புகுகின்றோம்.

இவர் 1885-ஆம் ஆண்டு சனவரி 22-ஆம் நாள், பாரிஸ் நகரையடுத்த மாலக்கோவ் என்னும் ஊரிற் பிறந்தார். இளமையிற் பூட்டுச் செய்யுந் தொழிலைப் பயின்றார். இரும்பைக் காய்ச்சவும் அராவவும் அறிந்த அக்கைகள் பின்னாளில் அவர்க்கு எவ்வாறு உதவின என்பதைக் காண்போம். 1910-ஆம் ஆண்டு, இத்தாலி நாட்டில் மிலான் நகரிலிருந்து சான் ரேமோ வரை நடந்த பந்தயத்தில் கடும்பனி பொழிந்தது. புறப்பட்டோருள் முடிவெய்தினார் விரல்விட்டெண்ணத் தக்க சிலரே. குளிரால் விறைத்து, வழியில் ஒரு விடுதியிற் புகுந்து உடல் தேறிய கிறிஸ்தோப், மீண்டும் வண்டியேறி முதல்வராய் முடித்தார். 1912-இற் பிரான்சுப் பந்தயத்தில் இரண்டாம் இடம் அவர்க்குக் கிடைத்தது.

அடுத்த ஆண்டு வெற்றி அவர் கைக்கெட்டும் அளவில் நின்றது. பயோன் நகரிலிருந்து லூஷோன் வரை அன்று கடக்க வேண்டிய தொலைவு 326 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு ஒரே நாளிற் செல்வதற்கு அஃது ஏறத்தாழ ஒக்கும். இடையிலோ பிரனீஸ் மலைத்தொடர். 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த துர்மலே கணவாயைக் கடந்து இறங்குகையில், முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க்கு முறிந்தது. வண்டியைத் தோளிற் சுமந்து, மலைச்சரிவிற் பத்துக் கிலோமீட்டருக்குக் குறையாது நடந்தார். சாந்தோமிலிருந்து பரங்கிமலைக்கு இரும்பு வண்டியைச் சுமந்து நடப்பாரை எண்ணிப் பார்ப்போமாக.

சாந்த் மரி தெ காம்பன் என்னுஞ் சிற்றூரில் ஒரு கொல்லுலை இருந்தது. பிறர் உதவியின்றி வீரரே தம் வண்டியைச் செப்பனிடல் வேண்டுமென்பது பந்தய விதி. கொல்லன் அருகிருந்தும் கருவியைத் தொடலாகாது. நடுவர் நின்று நோக்கினர். பண்டு பயின்ற தொழில் கைகொடுக்க, கிறிஸ்தோப் தாமே இரும்பைக் காய்ச்சி அடித்து முறிவைப் பொருத்தினார். இரு கைகளும் வேலையிலிருந்தமையால், ஒரு சிறுவன் துருத்தி ஊதினான். அவ்வுதவிக்காக நடுவர் 10 நிமிடத் தண்டம் விதித்தனர்; பின்னர் அதனை 3 நிமிடமாகக் குறைத்தனர். அன்று இழந்த நேரம் ஏறத்தாழ நான்கு மணி. ஆயினும் பந்தயத்தை விடாது பாரிஸ் வரை ஓட்டி, ஏழாமவராய் முடித்தார். வென்றவர் பெல்ஜியத்துப் பிலிப் திஸ்.

பின்னர்ப் பெரும்போர் மூண்டது. 1915 முதல் 1918 வரை அப்பந்தயம் நடைபெறவில்லை. 1919-இல் முதலில் நிற்பாரை மக்கள் எளிதில் அறியும்பொருட்டு மஞ்சட் சட்டை அணிவிக்கும் வழக்கந் தோன்றியது. கிரெனோபிள் நகரில் அதனை முதன்முதல் அணிந்தவர் கிறிஸ்தோப்பே. முடிவுக்கு முந்திய கட்டம் மெத்ஸ் முதல் டன்கர்க் வரை 468 கிலோமீட்டர். வலன்சியேன் நகரருகில் மீண்டும் போர்க்கு முறிந்தது! மீண்டும் தாமே செப்பனிட்டார். ஒரு மணிக்கு மேற்பட்ட நேரமும் முதலிடமும் கைவிட்டுப் போயின. பெல்ஜியத்துப் பிர்மேன் லாம்போ வென்றார். நம் வீரர் மூன்றாமவரானார். மனமுருகிய மக்கள் செல்வர் வறியர் என்னும் வேறுபாடின்றி நன்கொடை திரட்டி அவர்க்களித்தனர். 1922-இல், முப்பத்தேழாம் வயதில், காலிபியே மலையில் மூன்றாம் முறையும் போர்க்கு முறிந்தது. 1926-இற் பந்தயத்தினின்று ஓய்ந்து, 1970-ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் நாள் மறைந்தார்.

நடுவர் பார்த்து நின்றமையாலன்றோ அவர் விதிக்கு அடங்கினார் எனச் சிலர் வினவக்கூடும். மலைச்சரிவில் வண்டியைச் சுமந்து நடந்தபோது அவரைத் தூண்டினார் யார்? பந்தயத்தை அங்கேயே விட்டொழிந்திருப்பின், பழித்திருப்பார் எவருமிலர். விதி கொடியது என்பதை நாமும் மறுக்கிலோம். துருத்தி ஊதிய சிறுவன்பொருட்டுத் தண்டம் விதித்தது நடுவுநிலைமை ஆகாதென்றே நமக்குத் தோன்றுகின்றது. இந்நாளிலோ வீரர்க்குப் பின்னே மாற்று வண்டிகள் ஏற்றிய கார்கள் செல்கின்றன. அக்கொடுமை நீங்கியது நன்றே. ஆனால், கொடிய விதியைக் குறைகூறுவது ஒன்று. அதனைக் காரணங்காட்டி மேற்கொண்ட வினையைக் கைவிடுவது மற்றொன்று. கிறிஸ்தோப் இரண்டாவதைச் செய்தாரல்லர்.

அக்கொல்லுலை இருந்த இடத்தில் இன்று ஒரு நினைவுப் பலகை உள்ளது. அவர் பரிசு பெற்ற இடமன்று அது. முறிந்த போர்க்கைத் தம் கையாற் பொருத்திக்கொண்டு மீண்டும் புறப்பட்ட இடம்.