நிறுத்துப் பார்த்த பெண்மணி

கணக்கும் விஞ்ஞானமும் ஆண்பிள்ளைகளுக்குத்தான் வரும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டே நாம் வளர்ந்திருக்கிறோம். இதையே மனோதத்துவப் பேராசிரியர்கள் நூல்களில் எழுதி வைத்திருந்த காலமும் உண்டு. அது உண்மைதானா என்று அளந்து பார்க்கத் துணிந்தவர் லீட்டா ஹாலிங்வர்த் அம்மையார்.

1886ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், சாட்ரன் என்னும் ஊருக்கு அருகே லீட்டா பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்து, பாட்டி தாத்தாவிடம் வளர்ந்தார். 1906இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று ஆசிரியையானார். 1908இல் நியூயார்க் சென்று ஹாரி ஹாலிங்வர்த்தை மணந்தார்.

அங்கேதான் இடி விழுந்தது. மணமான பெண்களுக்கு அந்நகரப் பள்ளிகளில் ஆசிரியை வேலை கிடையாதாம்! சமைத்தும் தைத்தும், விலைபோகாத கதைகளை எழுதியும் நாட்களைக் கழித்தார். 1911இல் கோக்கோ கோலா கம்பெனிக்காகக் கணவர் நடத்திய காஃபீன் ஆராய்ச்சியில் துணைநின்றார். அதில் கிடைத்த பணம் அவருடைய மேற்படிப்புக்கு உதவியது. விழா நாட்களில் நாம் ஆசையாகக் குடிக்கும் பானம் ஒரு பெண்ணைப் படிக்க வைத்திருக்கிறது!

அக்காலத்து அறிஞர்களின் கொள்கை இதுதான்: ஆண்களின் அறிவு மேலும் கீழும் பரந்து கிடக்கிறது; ஆகவே மேதைகளும் ஆண்கள், மூளை வளர்ச்சி குன்றியோரும் ஆண்கள்; பெண்களோ எல்லோரும் நடுத்தரம். அதனால் பெண்களுக்கு மிக உயர்ந்த படிப்பு அவ்வளவாகத் தேவையில்லை என்றும் முடிவு கட்டினர். கொலம்பியா பல்கலைக்கழகத்துப் புகழ்பெற்ற பேராசிரியர் தார்ண்டைக்கும் இக்கருத்து உடையவரே.

மூளை வளர்ச்சி குன்றியோரைப் பரிசோதிக்கும் நிலையத்தில் லீட்டாவுக்கு வேலை கிடைத்தது. அங்கு வந்தவர்களில் ஆண்களே அதிகம். கொள்கை சரிதான் போலும் என்று வேறொருவர் விட்டிருப்பார். இவரோ வந்தவர்களின் வயதைப் பார்த்தார். ஆண்களைச் சிறுவயதிலேயே கொண்டு வந்துவிட்டனர். பெண்கள் வயது முற்றிய பிறகே வந்தனர். காரணம் என்ன? பாத்திரம் தேய்க்கவும் பிள்ளை பார்க்கவும் தெரிந்த பெண்ணின் குறை வீட்டுக்குள் யார் கண்ணிலும் படவில்லை. இதைப் படித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு ஹெலன் மாண்டேகு என்பவரோடு சேர்ந்து, பிறந்த குழந்தைகளின் அளவுகளை ஆராய்ந்தார். ஆண் 1,000, பெண் 1,000. எடை, நீளம், தலைச்சுற்றளவு எல்லாம் கணக்கிடப்பட்டன. ஆண் குழந்தைகள் சராசரியில் சற்றுப் பெரியவை. ஆனால் ஒன்றுக்கொன்று வேறுபடுவதில் பெண் குழந்தைகள் சிறிதும் குறைந்தவை அல்ல. இம்முடிவு 1914இல் வெளியாயிற்று.

அடுத்ததை எழுதலாமா என்று தயங்கினோம். சிஸ்டர்தான் எழுதச் சொன்னார்கள். மாதவிலக்கு நாட்களில் பெண்ணின் கையும் மூளையும் தளர்ந்துவிடும் என்று மருத்துவர்களே நம்பியிருந்தனர். லீட்டா பெண்களுக்கு நாள்தோறும் விரல் வேகம், கை நடுக்கம், டைப் அடிக்கும் திறன், சிந்திக்கும் வேகம் ஆகியவற்றைச் சோதித்தார். அந்நாட்களிலும் திறமை குறையவில்லை! இந்த ஆராய்ச்சியே அவருக்கு 1916இல் டாக்டர் பட்டம் தந்தது. வழிகாட்டிய பேராசிரியர் யார் தெரியுமா? அதே தார்ண்டைக்தான்.

பின்னாளில் அறிவுக்கூர்மை மிகுந்த குழந்தைகளின் கல்விக்காக உழைத்தார். 1938இல் அவர் படித்த பல்கலைக்கழகமே அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. அடுத்த ஆண்டு நவம்பர் 27ஆம் நாள், 53ஆம் வயதில் புற்றுநோயால் காலமானார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை 1943இல் கணவர் ஹாரியே எழுதி வெளியிட்டார்.