மருந்தறிஞர் சுப்பாராவ்

பூம்புகார் முதல் தஞ்சை வரை, சேற்று வயலில் இறங்கி உழைப்போரைத் தாக்கக்கூடிய எலிக்காய்ச்சலுக்கு இன்று மருத்துவர் தரும் மருந்துகளுள் ஒன்று டாக்சிசைக்ளின். அம்மருந்துக் குடும்பத்தின் மூத்த மருந்து பிறக்க வழிகாட்டியவர் டாக்டர் எல்லப்பிரகட சுப்பாராவ் ஆவார்.

ஆந்திரத்துப் பீமவரத்தில் 1895 சனவரி 12 அன்று தோன்றினார். உடன்பிறந்தார் நோய்க்கு இரையான துயரம், மருந்து காணும் வேட்கையை அவர் உள்ளத்தில் மூட்டியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் கதராடை அணிந்ததால் ஆங்கிலப் பேராசிரியரின் சினத்திற்கு ஆளானார். உயர் பட்டத்தை இழந்து எல்.எம்.எஸ். மட்டுமே பெற்றார். மனந்தளராது சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் பணியாற்றிப் பின் அமெரிக்கா சென்றார்.

பாக்டீரியங்களைச் சாயமேற்றி இருவகையாகப் பிரிக்கும் முறையை 1884 இல் டென்மார்க்கு நாட்டுக் கிராம் என்பார் வகுத்திருந்தார். தடித்த சுவருடையவை ஊதாச் சாயத்தை விடாது பற்றும். இவை கிராம் பாசிட்டிவ். ஊதாவை இழந்து சிவப்பை ஏற்பவை கிராம் நெகட்டிவ். பென்சிலின் பெரும்பாலும் முதல் வகையையே அடக்கிற்று. லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சுப்பாராவின் தலைமையில் பெஞ்சமின் டக்கர், மண்வாழ் நுண்ணுயிரிலிருந்து எடுத்த ஆரியோமைசின் 1948 இல் வெளிவந்தது. அஃது இருவகையையும் அடக்கியது. பாக்டீரியம் புரதம் ஆக்குவதைத் தடுத்து அதன் பெருக்கத்தை நிறுத்துவதே அதன் செயல். எஞ்சியவற்றை உடலின் எதிர்ப்பாற்றல் அழிக்கும். ஆதலின் மருத்துவர் குறித்த நாள்வரை மருந்தை உண்ணல் வேண்டும். வைரசால் வரும் சளிக்கு இதனால் பயனில்லை. வீணே உண்பின் மருந்துக்கு அடங்காத கிருமிகளே பெருகும்.

யானைக்கால் நோய்க்குரிய ஹெட்ரசானும் அவர் குழுவின் கொடையே. 1948 ஆகஸ்டில், 53 ஆம் வயதில் அப்பெருமகனார் மறைந்தார். நோபல் பரிசு அவரை நாடி வரவில்லை. அவர் பெயரறியாத எளியோரும் அவர் உழைப்பால் நலம் பெறுகின்றனர்.