பெப்ரிசியுஸ் ஐயரும் ஓர் அருஞ்சொல்லும்

தமிழ் வேதாகமத்தைப் பயில்வோர் பெப்ரிசியுஸ் ஐயரை மறத்தலாகாது. ஜெர்மனி தேசத்துக் கிளீபர்க் என்னும் ஊரில் 1711இல் பிறந்த இப்பெரியார், ஹாலே நகரில் கல்வி பயின்று, 1740இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். 1742இல் சென்னைக்கு அனுப்பப்பெற்றார். முத்து என்னும் தமிழறிஞர் துணைநிற்க, எபிரேய கிரேக்க மூலங்களைத் தமிழாக்குவதிலே தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

அப்பணியின் அருமையை ஒரு சொல்லைக் கொண்டே உணரலாம். யோபுவின் நூல் 30ஆம் அதிகாரத்தில், பசியால் மெலிந்த வறியோர் பறித்துண்ணும் பூண்டொன்று கூறப்படுகிறது. அதன் எபிரேயப் பெயர் மல்லூவாக். பழைய ஏற்பாட்டில் வேறெங்கும் அது வாராது. உப்பைக் குறிக்கும் மேலாக் என்னும் சொல்லோடு அது தொடர்புடையது. கிறிஸ்துவுக்கு முன் யூத வேதத்தைக் கிரேக்கமாக்கியோர் இட்ட சொல்லை மூச்சொலியோடு ஹலிமா எனப் படித்தால் கடலோரச் செடியாம்; மூச்சொலியின்றி அலிமா எனப் படித்தால் பசி தணிப்பதாம். பண்டை ஏடுகளில் மூச்சொலிக்குக் குறியில்லாமையால் ஐயம் எழுந்தது.

மரக்காணத்து உப்பளங்களைக் கண்டார்க்கு இவ்வையம் பெரிதன்று. அங்கே உவர்நிலத்தில் உமரி தழைத்திருக்கின்றது. அதன் இலை உவர்க்கும். கடற்கரை ஏழைகள் அதனைப் பஞ்சகாலத்தில் கீரையாக அவித்துண்டதும் உண்டு. இரண்டும் ஒரே செடியென்று நாம் சாதிக்கவில்லை. உவர்ப்பும் பசி தணித்தலும் ஒரு பூண்டிலே கூடுமென்பதை மட்டும் உமரி விளக்குகின்றது. இன்று பெரிதும் வழங்கும் பழைய தமிழ்த் திருப்புதலிலோ தழை என்னும் பொதுச்சொல்லே நிற்பதால், அவ்வேழையரின் உணவிலிருந்த உப்பு நமக்குப் புலப்படாமற் போயிற்று.

இத்தகைய இடர்கள் பலவற்றை ஐயர் பொறுமையோடு கடந்தார். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது கிடைத்த அச்சுப்பொறி, வேப்பேரியில் அவர் வசம் ஒப்புவிக்கப்பட்டது. புதிய ஏற்பாடு 1772இலும், தமிழ் ஆங்கில அகராதி 1779இலும் வெளிவந்தன. பழைய ஏற்பாடு 1777 தொடங்கிப் பகுதி பகுதியாக அச்சேறி 1796இலே முற்றுப்பெற்றது. அதனை அவர் கண்டாரல்லர். பிறரை நம்பிக் கொடுத்த பணம் மீளாமையால் கடன்பட்டு, முதுமையில் சிறையும் புகுந்து, 1791இல் காலமானார்.

அவர் தொடங்கிய ஆராய்ச்சி முடிந்துவிடவில்லை. மாணவராகிய நாம் அகராதியைப் புரட்டுவதோடு அமையாது, உப்பளத்தில் உழைப்போரிடத்தும் சென்று அவர்தம் செடிகளின் பெயர்களைக் கேட்டறிவோமாக.