போத்தனூரில் பிறந்த தாய்... கம்ப்யூட்டரின் எல்லையைக் கண்டுபிடித்த மகன்! யார் இந்த ஆலன் டூரிங்?

முதுகலையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவர்களுக்கு நன்கு தெரிந்த பேப்பர், அல்காரிதம் டிசைன் அண்ட் அனாலிசிஸ். ஒரு கணக்கை கம்ப்யூட்டர் எந்த வழியில் போட வேண்டும், அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று சொல்லித்தரும் பாடம். ஆனா எவ்வளவு வேகமான கம்ப்யூட்டர் வந்தாலும் போடவே முடியாத கணக்குகளும் இருக்கு. அதை நிரூபித்தபோது ஆலன் டூரிங்குக்கு வயது 23. இன்று நாம் பார்க்கும் கம்ப்யூட்டர் அப்போது உலகத்திலேயே கிடையாது!

டூரிங் 1912 ஜூன் 23-ல் லண்டனில் பிறந்தார். அப்பா ஜூலியஸ், மெட்ராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ் அதிகாரி. அம்மா சாரா பிறந்தது நம்ம கோவை பக்கத்து போத்தனூரில். அவருடைய அப்பா மெட்ராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளர். வேலைக்காக பெற்றோர் இந்தியா திரும்ப, கைக்குழந்தையான டூரிங்கும் அண்ணனும் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்திடம் வளர்ந்தார்கள்.

1936-ல் என்ன செய்தார்?

எந்தக் கணித வாக்கியத்தைக் கொடுத்தாலும், அதை நிரூபிக்க முடியுமா முடியாதா என்று சொல்லிவிடும் ஒரே செய்முறை உண்டா? ஜெர்மன் கணித மேதை ஹில்பர்ட் எழுப்பிய கேள்வி இது. சரி, முதலில் செய்முறை என்றால் என்ன? யாரிடமும் தெளிவான பதில் இல்லை.

டூரிங், கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் கணக்கு போடும் ஒரு மனிதரை யோசித்துப் பார்த்தார். ஒரு கட்டத்தைப் பார்க்கிறார், எழுதுகிறார் அல்லது அழிக்கிறார், அடுத்த கட்டத்துக்கு நகர்கிறார். அவ்வளவுதான். இதையே செய்யும் ஒரு கற்பனை இயந்திரத்தைக் காகிதத்தில் உருவாக்கினார். அதுதான் டூரிங் மெஷின்.

பிறகுதான் அந்த அதிர்ச்சி முடிவு. இன்றைய பாடத்தில் இதை இப்படிச் சொல்வார்கள்: எந்த புரோகிராமைக் கொடுத்தாலும், அது ஓடி முடியுமா, இல்லை முடியாமல் சுத்திக்கிட்டே இருக்குமா என்று சொல்லும் ஒரு 'ஜோசியர்' புரோகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த ஜோசியர் என்ன சொன்னாலும் அதற்கு நேர்மாறாக நடக்கும் ஒரு குறும்புக்கார புரோகிராமை எழுதிவிடலாம். முடியும் என்றால் முடியாது, முடியாது என்றால் உடனே முடிந்துவிடும். ஜோசியம் பொய்த்துப் போகிறது. ஆக, அப்படி ஒரு ஜோசியர் இருக்கவே முடியாது. ஹில்பர்ட் தேடிய செய்முறைக்கும் இதே கதிதான்.

அமெரிக்காவின் அலோன்சோ சர்ச் சற்று முன்பே வேறு வழியில் இதே முடிவுக்கு வந்திருந்தார். ஆனா டூரிங்கின் வழிதான் சட்டென்று புரிகிறது.

எனிக்மா சவால்

1939 செப்டம்பரில் போர் வெடித்ததும் பிளெட்ச்லி பார்க் போனார் டூரிங். ஜெர்மனியின் எனிக்மா கருவியை எத்தனை விதமாக அமைக்கலாம் தெரியுமா? 1-க்குப் பின்னால் 20 பூஜ்யம் போட்டால் வரும் எண்ணையும் தாண்டும். அதுவும் தினமும் மாறும். ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஆயுள் போதாது.

எனிக்மாவில் ஒரு ஓட்டை இருந்தது. எந்த எழுத்தும் அதே எழுத்தாக மாறாது. செய்தியில் இருக்கக்கூடிய ஒரு வார்த்தையை ஊகித்து, முரண்படும் அமைப்புகளை மொத்தமாகத் தள்ளிவிடும் 'பாம்ப்' இயந்திரத்தை டூரிங் வடிவமைத்தார். கார்டன் வெல்ச்மேன் அதை மேம்படுத்தினார். முதலில் எனிக்மாவை உடைத்துக் காட்டியது போலந்து கணித நிபுணர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

போருக்குப் பின், 1948 கட்டுரை ஒன்றில் பெரிய சமன்பாடுகளைத் தீர்க்க எத்தனை பெருக்கல், எத்தனை முறை எழுதி வைக்க வேண்டும் என்று எண்ணி, முறைகளை ஒப்பிட்டார். இன்றைய 'அனாலிசிஸ்' செய்வதும் இதே வேலைதான்.

சொந்த நாடே தண்டித்தது

1952-ல் வீட்டில் திருட்டு. போலீஸுக்குப் போனவர் மீதே வழக்கு திரும்பியது. விசாரணையில் ஓர் ஆணுடன் உறவு இருந்தது தெரியவந்தது. பிரிட்டனில் அப்போது அது குற்றம். சிறையா, ஹார்மோன் சிகிச்சையா என்ற நிலையில் சிகிச்சையை ஏற்றார். அரசின் ரகசியப் பணியும் பறிபோனது.

1954 ஜூன் 7-ல் சயனைடு விஷத்தால் இறந்தபோது வயது 41. விசாரணையில் தற்கொலை என்று முடிவானது. அம்மா சாரா அதை ஏற்கவில்லை, விபத்து என்றே நம்பினார். 1959-ல் மகனின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். போர்க்கால வேலை அப்போதும் ரகசியம் என்பதால் அந்தப் பகுதியை அவரால் விரிவாக எழுத முடியவில்லை.

2009-ல் பிரிட்டிஷ் அரசு மன்னிப்புக் கேட்டது. 2013-ல் அரச மன்னிப்பு கிடைத்தது. 2021-ல் வெளியான 50 பவுண்ட் நோட்டில் டூரிங் படம் இருக்கிறது. கூடவே, அந்த 1936 கட்டுரையின் அட்டவணையும்.