திரும்பி வராத விமானங்கள்

முதலில் ஒரு கணக்கு. போருக்குப் போன விமானங்கள் 400. திரும்பி வந்தவை 380. அதில் 320-ல் ஒரு குண்டுகூடப் படவில்லை. மிச்சம் 60 விமானங்களில் மொத்தம் 102 குண்டடிகள். எண்ணிப் பார்த்தால் உடற்பகுதியில் 39, எஞ்சினில் 19, மற்றவை வேறு இடங்களில். குண்டு துளைக்காத தகடு அடிக்கணும். ஆனா தகடு கனம், எல்லா இடத்திலும் அடிக்க முடியாது. நீங்க எங்கே அடிப்பீங்க?

உடற்பகுதியில்தான் என்று சொன்னீங்களா? அவசரப்படாதீங்க. இந்தக் கணக்கைப் போட்டவரின் கதையைக் கேளுங்க.

ஆபிரகாம் வால்ட் 1902-ல் கோலோஷ்வார் என்ற ஊரில் பிறந்தார். அப்போது அது ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசைச் சேர்ந்தது. இன்று ருமேனியாவில் இருக்கிறது. யூதக் குடும்பம். யூதர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வு நாள், அங்கே பள்ளியோ சனிக்கிழமையும் நடக்கும். அதனால் வீட்டிலேயே பெற்றோரிடம் படித்தார். (பொறாமையா இருக்கா?) 1931-ல் வியன்னா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். இவ்வளவு கெட்டிக்காரருக்கு, யூதர் என்பதால் அங்கே பல்கலைக்கழக வேலை கிடைக்கவில்லை. 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்த பிறகு அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். ஊரிலேயே தங்கிவிட்ட அவருடைய பெற்றோரும் உறவினர்களும் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் ஆராய்ச்சிக் குழுவில் வேலை பார்த்தார். மேலே சொன்ன கணக்கு, 1943-ல் அவர் எழுதிய குறிப்புகளில் உதாரணமாக வருவது.

இப்போ விடைக்கு வருவோம். அந்த உதாரணத்தில் எஞ்சின் பகுதி, விமானத்தின் பரப்பில் கால்வாசிக்குக் கொஞ்சம் அதிகம். குண்டு எங்கே வேண்டுமானாலும் படலாம் என்றால் 102-ல் சுமார் 27 எஞ்சினில் இருக்கணும். ஆனா 19தான் இருக்கு. மீதி எங்கே? திரும்பி வராத அந்த 20 விமானங்களில்! எஞ்சினில் அடிபட்டவை பல விழுந்துவிட்டன. உடற்பகுதியில் அடிபட்டவை ஓட்டையோடு வீடு வந்து சேர்ந்தன. ஆகவே பலவீனமான இடம் எஞ்சின்.

உடற்பகுதி என்று நாம் சொன்னபோது, வாயால் சொல்லாத ஒன்றை மனசுக்குள் நம்பிவிட்டோம். வந்த விமானங்கள் மாதிரியேதான் வராதவையும் அடிபட்டிருக்கும் என்று. யாரும் அதைக் கணக்கில் எழுதித் தரவில்லை, நாமே சேர்த்துக்கொண்டது. இதைத்தான் மறைந்திருக்கும் அனுமானம் என்கிறார்கள்.

வால்ட் தளபதிகளை எதிர்த்து வாதாடி ஜெயித்தார் என்று சிலர் சினிமா மாதிரி சொல்வார்கள். அவர் விட்டுச்சென்றது என்னவோ வெறும் கணக்குத் தாள்கள்தான். எனக்கு அதில் பிடித்தது வேறு. தன்னுடைய அனுமானங்களை அவர் மறைக்கவில்லை. குண்டு படாத விமானம் கண்டிப்பாகத் திரும்பிவிடும், இயந்திரக் கோளாறால் விழுவதைக் கணக்கில் எடுக்கவில்லை என்று வெளிப்படையாகவே வைத்துக்கொண்டுதான் கணக்கைத் தொடங்குகிறார்.

போர் முடிந்தது. 1950-ல் சொற்பொழிவு ஆற்ற இந்தியா வந்தார். டிசம்பர் 13 அன்று அவரும் மனைவியும் பயணம் செய்த விமானம் நம் நீலகிரி மலையில் மோதியது. ஒருவரும் பிழைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 48. அவருடைய மகன் ராபர்ட்டுக்கு மூன்று வயது. அந்தக் குழந்தை பின்னாளில் பெரிய இயற்பியல் அறிஞர் ஆனார். விமானக் கணக்குத் தாள்கள் 1980-ல் மறுபதிப்பாக வெளிவந்தன.