யானையும் குழியானையும்: வைக்கம் முஹம்மது பஷீர்

மலையாள நாவல் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகத்துக்கு வருபவர் வைக்கம் முஹம்மது பஷீர்தான். அவர் வபாத்தாகி முப்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் தமிழில் வாசிக்கும் முஸ்லிம்களுக்கு அவர் வேற்று மொழிக்காரராகத் தெரிவதில்லை. அவரது கதைகளில் வரும் உம்மாவும் தங்கைமாரும் நமது வீட்டுக் குசினியிலும் இருப்பவர்கள்தான்.

1908இல் வைக்கத்துக்கு அருகே தலயோலப்பறம்பு என்ற ஊரில் பிறந்தார். வாப்பா மர வியாபாரி. வீட்டில் குர்ஆன் ஓதியபின் ஆங்கிலப் பாடசாலையில் சேர்க்கப்பட்டார். படிப்பு முடியவில்லை. உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கியதும் யாருக்கும் சொல்லாமல் கோழிக்கோட்டுக்கு ஓடிவிட்டார். அங்கே அடி உதை, பிறகு கண்ணூர் சிறை. வெளியே வந்து பத்திரிகையில் புனைபெயரில் எழுதினார். பத்திரிகை தடைசெய்யப்பட, பிடியாணைக்குத் தப்பி ஊரை விட்டுப் புறப்பட்டார்.

அந்தப் பயணம் ஏறத்தாழ ஏழு வருடங்கள் நீண்டது. இந்தியாவின் நாலாபக்கமும் அலைந்தார். ஹஜ் பயணிகளை ஏற்றிச் சென்ற கப்பலில் கலாசியாக வேலைசெய்து ஜித்தாவரை போனார். சூபிகளோடும் இருந்தார், கங்கைக்கரைச் சாமியார்களோடும் இருந்தார். சமையல்காரன், காவலாளி, பழ வியாபாரி, கைரேகை பார்ப்பவன் என்று அவர் செய்யாத தொழில் குறைவு. கையில் காசில்லாதவனின் பயணம் அது. அவரது காலத்தவரான எஸ். கே. பொற்றெக்காட்டும் உலகம் சுற்றியவர்தான். ஆனால் அவர் போன நாடுகளைப் பற்றியெல்லாம் பயண நூல்கள் எழுதினார். பஷீர் அப்படிச் செய்யவில்லை. அத்தனை தூரம் போய் வந்தவர் கடைசியில் எழுத உட்கார்ந்தது தன் வீட்டு முற்றத்தைப் பற்றி. எனக்கு இது எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

எழுத்து அவருக்குச் சோறு போடவில்லை. எர்ணாகுளத்தில் தானே ஒரு புத்தகக் கடை வைத்து நடத்தினார். திருவிதாங்கூர் திவானை எதிர்த்து எழுதியதற்காக மீண்டும் சிறை. 'மதில்கள்' அந்தச் சிறை வாசத்திலிருந்து வந்த கதை. 1944இல் 'பால்யகாலசகி' வெளியானது. அதற்கு முன்னுரை எழுதியவர் அக்காலத்தின் பெரிய விமர்சகர் எம். பி. பால், ஒரு கிறிஸ்தவர். அந்த நாட்களில் தகழியும் கேசவதேவும் ஏழைகளை மலையாள நாவலுக்குள் கொண்டுவந்தார்கள். முஸ்லிம் வீட்டின் உள்ளறையையும் அதன் பேச்சையும் கொண்டுவந்தவர் பஷீர்.

அந்தப் பேச்சுதான் சிக்கல். படித்தவர்கள் சிரிக்கும் மொழி அது. 'பாத்துமாவின் ஆடு' நூலில் ஒரு இடம் வரும். பஷீரின் தம்பி அப்துல் காதர் இலக்கணம் தெரிந்தவர். நானாவின் எழுத்தை வாசித்துவிட்டு, இதில் எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று கேட்கிறார். பஷீருக்குக் கோபம் தலைக்கேறுகிறது. வீட்டில் பேசுவதைப் போலத்தான் எழுதியிருக்கிறேன், உன் இலக்கணம் எனக்கெதற்கு என்று ஏசித் தீர்க்கிறார். பாத்துமாவின் ஆடு அவரது புத்தகங்களையே தின்றுவிடுவதும் அதே நூலில்தான். மனநோய்க்குச் சிகிச்சை பெற்ற காலத்தில், 1954இல் எழுதியது இது. ஐந்து வருடம் கழித்தே அச்சேறியது. எழுதிய மனிதரின் துன்பத்தை அந்தச் சிரிப்பில் கண்டுபிடிக்க முடியாது.

நமது எழுத்தாளர்களுக்கும் அந்தத் தம்பியின் கேள்வி புதிதல்ல. ராத்தா, மூத்தம்மா, நோன்புக் கஞ்சி என்று எழுதினால் அடிக்குறிப்புக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பஷீர் அந்தக் கேள்விக்குப் பணியவில்லை.

ஆனால் சொந்தச் சமூகத்தைத் தடவிக்கொடுக்கவும் இல்லை. 1951இல் வந்த நாவலில் ஒரு உம்மா, தன் வாப்பாவுக்கு ஒரு யானை இருந்தது என்று சொல்லிச் சொல்லியே காலம் கழிக்கிறாள். சொத்தெல்லாம் போய்விட்டது, பெருமை மட்டும் போகவில்லை. கடைசியில் தெருப் பிள்ளைகள் கூவுகிறார்கள்: அது யானையல்ல, குழியானை. மணலில் குழிபறிக்கும் அந்தச் சின்னப் பூச்சி! பழம்பெருமை பேசும் எந்த ஊரிலும் இந்த இடம் சுடும்.

இந்த நாவலை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர் எடின்பரோவில் இருந்த ஆர். ஈ. ஆஷர். தமிழுக்கு இலக்கண நூல் எழுதிய அதே பேராசிரியர்தான். இலக்கணத்தை ஏசியவருக்கு இப்படி ஒரு மொழிபெயர்ப்பாளர் வாய்த்தார். தமிழில் குளச்சல் மு. யூசுப் பஷீரை நிறையவே தந்திருக்கிறார்.

ஐம்பதை நெருங்கும் வயதில்தான் பஷீர் திருமணம் முடித்தார். கடைசிக் காலம் முழுவதும் பேப்பூரில். வீட்டு முற்றத்து மங்குஸ்தான் மரத்தடியில் சாய்வு நாற்காலி, பக்கத்தில் பாட்டுப்பெட்டி, கறுப்புத் தேநீர். பெரிய எழுத்தாளர்களும் வந்தார்கள், வழிப்போக்கர்களும் வந்தார்கள். 1994 ஜூலை 5ஆம் திகதி அந்த வீட்டிலிருந்துதான் அவரது ஜனாஸா புறப்பட்டது.